மா.ரூ. இரண்டு பாயிண்ட்

மே 3, ஞாயிறு

இதெல்லாம் நான் முன்னமே சொன்னதுதான். குழலி பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி மூலையில் உட்கார்ந்து அழுதபோது, இந்தப் பிள்ளை ஒருநாள் சொந்தமாக வீடு கட்டும் என்று சொன்னேன். வீடு கட்டினால் லைட்டு வாங்க மாமனிடம்தான் வந்து நிற்கும் என்றும் சொன்னேன். என் அக்கா உலகம்மாளுக்கு அது ஞாபகம் இல்லையாம். சொன்னவனுக்கு ஞாபகம் இருந்தால் போதாதா.

இன்று குழலி வந்தாள். அக்காவின் ஒரே மகள். முழுப்பேர் குழல்வாய்மொழி. ஆஸ்பத்திரி லேபில் வேலை. புருஷன் மஸ்கட்டில்.

"மாமா, லைட்டு மட்டுந்தான் பாக்கி. இருபத்தெட்டாம் தேதி பால்காய்ப்பு. அவங்களுக்கு லீவு கெடைக்கல, எனக்கும் கெடைக்காது. நீங்க பாத்து வாங்கிக் குடுத்துருவியளா?"

"வெளிச்சத் துறையில இருபத்தெட்டு வருசம் இருந்தவன்கிட்ட கேக்க கேள்வியா தாயி இது?" என்றேன்.

பிறகு அவள் அம்மாவைப் பார்த்தாள். புதுவீட்டில் வந்து இருக்கச் சொல்லி நூறாவது தடவையாகக் கேட்டாள். அக்கா நூறாவது தடவையாக வரவில்லை என்றாள்.

அக்காவுக்குக் கண் நீர் அழுத்தம். நேரே இருப்பது தெரியும். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. குழாய்க்குள் பார்க்கிற மாதிரி என்பாள். தை மாசம் நடைப்படியில் இடறி விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது. டவுனில் நாங்கள் குடியிருக்கிற இந்த வாடகை வீட்டில் எந்த இடத்தில் எத்தனை எட்டு என்று காலுக்கே தெரியும். புதுவீட்டில் தெரியாது. அதுதான் பயம். ஆனால் வீட்டுக்காரர் இடித்துக் கடை கட்டப் போகிறார். இந்த மாசக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும்.

எனக்குக் கவலை இல்லை. அம்பாசமுத்திரத்தில் என் சினேகிதர் சங்கரபாண்டியன் ஆற்றைப் பார்த்த மாதிரி பெரிய வீடு வைத்துக்கொண்டு, வா வா என்று உயிரை எடுக்கிறார். நான்தான் பிடி கொடுக்கவில்லை.

இந்த டைரி, குழலி வீடு கட்டும்போது சிமெண்டுக் கடைக்காரர் கொடுத்தது. நாலு மாசம் காலியாகக் கிடந்தது. வரலாறு தொடங்கும்போது எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

மே 4, திங்கள்

இரண்டு பஸ் மாறிப் புதுவீட்டுக்குப் போனேன். எலெக்ட்ரீசியன் செய்யதலி, மேலப்பாளையத்துப் பையன். முப்பத்தைந்து வயசு இருக்கும். வயரிங்கில் இரண்டு பிழை கண்டுபிடித்துச் சொன்னேன். மறுத்தான். பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டேன்.

எந்த இடத்துக்கு எத்தனை லைட்டு என்று ஸ்விட்ச் பெட்டி அட்டையைக் கிழித்து அதன் பின்னால் எழுதிக் கொடுத்தான். கோழிக் கிறுக்கல். ஹால் 6. அடு. 3. பூ.ரூ. 1. அம்.ரூ. 3. பா.ரூ. 2. கு.ரூ. 2. படி 3. வெளி 4. கடைசியில், மா.ரூ. 2.

பஸ்ஸில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். பூ.ரூ. பூஜை ரூம். பா.ரூ. பாத்ரூம். கு.ரூ. குழலி ரூம். அம்.ரூ. என்றால் அம்மா ரூம். அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. அப்படியானால் மா.ரூ. என்ன?

எட்டாம் வகுப்போடு நான் நின்றது பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம். அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மே 5, செவ்வாய்

கத்திரி வெயில். குதிகால் வலி. கடைகள் நாளைக்கும் இருக்கும்.

மே 7, வியாழன்

குழலியைப் பார்க்க அவள் இப்போது இருக்கிற வாடகை வீட்டுக்குப் போனேன். அட்டையை நீட்டி, "மா.ரூ.ன்னா என்ன தாயி?" என்று கேட்டேன். பேசிக்கொண்டிருந்த போனை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "மாமா ரூம்தான் மாமா. வேற என்ன?" என்றாள்.

நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. சரி, பார்ப்போம் என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"உனக்கு ரூம் போட்டிருக்காளா?"

"மாடியில. அவளா போட்டது. நான் வாயத் தொறக்கல."

"நெசமாத்தான் சொல்லுதியால?"

"அட்டையில எழுதியிருக்கு. குழலி வாயாலயும் சொல்லியாச்சு."

அக்கா அரிந்த துண்டுகளைத் தண்ணீரில் தள்ளினாள். பிறகு, "நான் கீழ ஒரு சத்தம் குடுத்தா நீ எறங்கி வருவேல்லா?" என்றாள்.

"வராம?"

"அப்ப நானும் வாரேன்னு அவகிட்ட சொல்லிரு" என்று மறுபடி அரிய ஆரம்பித்தாள்.

போனில் குழலிக்கு நம்ப முடியவில்லை. "அம்மா வாரேன்னுட்டாளா? என்ன மாமா சொன்னீய?" என்று மூன்று தடவை கேட்டாள். பேசுகிற விதத்தில் பேசினேன் என்று வைத்துவிட்டேன். வைக்கும்போது, அழுதாளோ என்னமோ, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

மே 9, சனி

பாளையங்கோட்டையில் ஏசி போட்ட ஷோரூம். உள்ளே போனால் சொர்க்கத்தின் கரண்ட் ஆபீஸ் மாதிரி இருக்கிறது. தலைக்கு மேல் நூறு, இருநூறு விளக்குகள் எரிகின்றன. கல்யாண மண்டபத்துக்குத் தொங்கவிடுகிற சரவிளக்கைக் காட்டி, டை கட்டின பையன் ஹாலுக்குச் சரியாக இருக்கும் என்றான்.

"தம்பி, இந்த ஒரு லைட்ட மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்தையும் அணை. இது என்ன வெளிச்சம் தருதுன்னு பாக்கணும்" என்றேன்.

"அப்படி அணைக்க முடியாது சார்."

"ஒம் வீட்டுல இருநூறு லைட்டு போட்டுக்கிட்டா ஒக்காந்திருக்க?"

மேனேஜர் வந்தார். எனக்கு ஒரு கூல்டிரிங்க்ஸ் கொடுத்து, வாசல் வரைக்கும் வந்து மரியாதையாக வழியனுப்பினார். இப்படி எல்லாருக்கும் செய்ய மாட்டார்கள்.

எழுதி வைக்கிறேன், பின்னால் யாருக்காவது உதவும்: ஷோரூம் என்பது கண்ணைப் பறிப்பதற்கு. கண்ணே பறிபோகிற வீட்டுக்கு அங்கே வாங்கக் கூடாது.

மே 11, திங்கள்

டவுனில் ரத வீதிக்குப் பின்னால் இருக்கிற மாசிலாமணியின் எலெக்ட்ரிக் கடை. அகலம் எட்டடி. சரக்கெல்லாம் அட்டைப் பெட்டிக்குள். இங்கே கேட்டால் அணைப்பார்கள். எரிவதே ஒரு டியூப்லைட்தான்.

ஸ்டூலில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாசிலாமணி என்னையே பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க ஸ்ரீவடிவு டாக்கீஸ்ல டார்ச் அடிப்பியளே, அவுகதான?"

கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

"தியேட்டரோட லைட்டு பூராவும் நம்ம கன்ட்ரோல்தான்" என்றேன்.

"ஆமாமா. படம் போட்ட பெறகு வந்தா எங்க கையப் பிடிச்சிக் கொண்டுபோயி ஒக்கார வைப்பிய. ஒரு தடவ எங்கய்யா தட்டுத் தடுமாறி வந்தாவ. படி படியாக் காட்டி ஒக்கார வச்சீய."

இருக்கலாம். எத்தனையோ பேர். ஆனால் ஒன்று உண்மை. இருபத்தெட்டு வருஷத்தில் நான் டார்ச்சை யார் முகத்திலும் அடித்ததில்லை. முகத்தில் அடித்தால் ஆள் குருடாகிவிடுவான். காலுக்கு ஒரு அடி முன்னால் தரையில் அடிக்க வேண்டும். வெளிச்சம் போகிற இடத்துக்குக் கால் தானாகப் போகும். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

அக்காவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். மாசிலாமணி பெட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றாக எரித்துக் காட்டினார். பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் போடுகிறார்கள். கெல்வின் என்பவர் வெள்ளைக்காரர்; பல்பு வியாபாரத்தில் நொடித்துப்போனவர் என்று நினைக்கிறேன். ஆறாயிரத்தைந்நூறு என்றால் வெள்ளை; மூவாயிரம் என்றால் மஞ்சள். எண் கூடக்கூட உசத்தி என்று நினைத்து எல்லாரும் வெள்ளையை அள்ளிக்கொண்டு போகிறார்கள். வெள்ளை டைல்ஸில் வெள்ளை லைட்டு பட்டால் தரை எது, படி எது என்று நல்ல கண்ணுக்கே தெரியாது.

நானும் டியூப்லைட்தான் வாங்க இருந்தேன். அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

மே 13, புதன்

மதுரை மொத்த விலைக் கடைகள். போக வர எட்டு மணி நேரம். பெட்டியைப் பிரித்துக் காட்ட மாட்டார்களாம். கெட்டால் மாற்றித் தர மாட்டார்களாம். பத்து டஜன் எடுத்தால் பேசலாமாம். முதலாளிகள் பலர் என்னை அடையாளம் கண்டுகொண்டு டீ சொன்னார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். டீ நானேதான் குடித்தேன், பஸ் ஸ்டாண்டில்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பில்லை.

மே 14, வியாழன்

ஆன்லைனில் வாங்கலாமே என்று குழலி போனில் படம் அனுப்பினாள். படத்தில் எல்லா விளக்கும் நன்றாகத்தான் எரிகிறது. படத்துக்குள் யாரும் நடப்பதில்லை.

மே 16, சனி

மாசிலாமணி கடையிலேயே எல்லாவற்றையும் எடுத்தேன். ஹாலுக்கும் அடுக்களைக்கும் கண் கூசாத மூடி போட்ட லைட்டு, மூவாயிரம் மஞ்சள். படிக்கு, சுவரில் முழங்காலுக்குக் கீழே பதிக்கிற காலடி விளக்கு மூன்று. அக்கா ரூமுக்கு மேலே ஒன்று, சுவரோரம் காலடி விளக்கு இரண்டு.

மா.ரூ. இரண்டு. மேலே ஒன்று. இன்னொன்று கட்டில் தலைமாட்டில் சுவரில் மாட்டுவது. பித்தளை நிறம், கழுத்தை வளைத்துக்கொள்ளலாம். படுத்துக்கொண்டே டைரி எழுதலாம். அதை மாசிலாமணி இரண்டு தடவை பொட்டலம் கட்ட வேண்டியிருந்தது. கட்டின பிறகு இன்னொரு தடவை பார்க்கணும் என்று நான் பிரித்துவிட்டேன்.

"யாருக்கு அண்ணாச்சி இது?"

"எனக்குத்தான். மருமக ரூம் ஒதுக்கியிருக்கா. வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் கேக்கல."

மே 18, திங்கள்

சாமான்களை ஆட்டோவில் புதுவீட்டுக்குக் கொண்டுபோனேன். பித்தளை விளக்கை நானே கையில் வைத்திருந்தேன்.

மாடி ஏறினேன். ரூமில் சாமான் ஒன்றும் இல்லை, செய்யதலி மட்டும் ஸ்டூலில் ஏறி வேலையாக இருந்தான். கிழக்கே ஜன்னல். கட்டில் எங்கே வரும் என்று காலால் அளந்து, "இந்த எடத்துல மாட்டிரு வே" என்றேன்.

செய்யதலி ஸ்டூலில் இருந்து இறங்கினான். "கட்டில் அந்தப் பக்கம்லா வரும் அண்ணாச்சி. அவரு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"எவரு?"

"காலேஜ் வாத்தியாரு. மாடி ரூம் அவருக்குத்தான வாடகைக்கு. ஒன்னாந்தேதி வாராரு."

"மா.ரூ.ன்னா?"

"மாடி ரூம். ஏன், நீங்க என்ன நெனச்சீய?"

"எனக்குத் தெரியும்ப்பா. ஒனக்குத் தெரியுதான்னு கேட்டேன்" என்றேன்.

இது நான் எதிர்பார்த்ததுதான். எழுத்தை வைத்தே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

இறங்கும்போது படிகளை எண்ணினேன். பதினெட்டு.

மே 19, செவ்வாய்

குதிகால் வலி.

மே 20, புதன்

அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டேன். சங்கரபாண்டியனின் மகன் எடுத்தான். அப்பா மெட்ராஸில் அண்ணன் வீட்டோடு போய் ஆறு மாசம் ஆச்சே, உங்களுக்குச் சொல்லலையா என்றான். வீட்டில் இப்போது ஜெராக்ஸ் கடை இருக்கிறதாம். சும்மா நலம் விசாரிக்கத்தான் கூப்பிட்டேன் என்று சொன்னேன். அது உண்மையும்கூட.

மே 21, வியாழன்

பித்தளை விளக்கைத் திருப்பிக் கொடுக்க மாசிலாமணி கடைக்குப் போனேன். ரூமில் ஏற்கெனவே ஏகப்பட்ட வெளிச்சம், இது எதற்கு என்று சொன்னேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பணமாகத் தர முடியாது, வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இன்னும் இரண்டு காலடி விளக்கு எடுத்தேன். அக்கா கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் ஒரு திருப்பம் இருக்கிறது. முன்னே வாங்கினது திருப்பம் வரைக்கும்தான் காட்டும். அதற்கப்புறம் அவள் தனியாகத்தானே போக வேண்டும்.

மே 24, ஞாயிறு

சாமான் கட்டினோம். அக்கா என் வேட்டி சட்டைகளைத் தனியாக ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினாள்.

சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, ஒருவேள எனக்கு அம்பாசமுத்திரம் போகவேண்டி வந்துட்டுன்னா..."

"போயேன். யாரு வேண்டாங்கா? நானும் இங்கனயே இருந்துக்கிடுதேன். வீட்டுக்காரன் எம்மேலயே இடிச்சுத் தள்ளட்டும்."

"பேச்சுக்குச் சொன்னேன்."

"அந்தப் பேச்சப் பேசாத. நான் அவ வீட்டுக்குப் போகல. நீ இருக்க வீட்டுக்குப் போறேன். பாக்கிக் கண்ணும் போனாலும் ஒஞ்சத்தம் கேட்டுக்கிட்டிருக்கும். வாய மூடுனாத்தான கேக்காமப் போக."

பிறகு டிரங்கைப் பூட்டி, சாவியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மே 27, புதன்

குழலியிடம் பேச மூன்று தடவை போனை எடுத்தேன். மூன்று தடவையும் லைட்டைப் பற்றிப் பேசினேன்.

மே 28, வியாழன்

பால்காய்ப்பு. விடிகாலை நாலரைக்கே சாமான்களோடு போய்விட்டோம். ஊரெல்லாம் என் லைட்டைப் பார்க்கத்தான் வந்திருந்தது. ஒரு ஆயிரம் பேர் இருக்கும். நாற்பது இலைதான் விழுந்தது, மற்றவர்கள் சாப்பிடாமல் போயிருப்பார்கள்.

பால் பொங்கி முடிந்ததும், அக்கா தன் ரூமைப் பார்க்க வேண்டும் என்றாள். குழலி கையைப் பிடிக்கப் போனாள். "விடு" என்றேன். "மேல லைட்ட அணைங்க. கீழ உள்ளது மட்டும் எரியட்டும்."

தரையில் மட்டும் மஞ்சளாக வெளிச்சம். அக்கா வாசலில் நின்று பார்த்தாள். ஒரு எட்டு வைத்தாள். சுவரைத் தேடிப் போன கை பாதியில் நின்று, சேலையைப் பிடித்துக்கொண்டது. கட்டில் வரை போனாள். திருப்பத்தில் திரும்பினாள். பாத்ரூம் கதவைத் தொட்டுவிட்டு, திரும்பி அதே வழியில் வந்தாள். எங்கேயும் பிடிக்கவில்லை. குழலி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அக்கா ஹாலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "எல்லாம் சரி. தம்பி ரூம் எங்க? அதக் காட்டு" என்றாள்.

குழலி, "தம்பி ரூமா?" என்றாள்.

சொந்தக்காரர்கள் காப்பியோடு நிற்கிறார்கள். நான் சங்கரபாண்டியனைப் பற்றி வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. என் வாழ்க்கையில் இது முதல் தடவை.

செய்யதலி மெயின் போர்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். குழலியைக் கூப்பிட்டு, மெதுவாக ஏதோ சொன்னான். குழலி போர்டைப் பார்த்தாள். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் மேலே ஒரு சின்னத் தாள் ஒட்டி எழுதியிருக்கிறான். பூ.ரூ. அம்.ரூ. மா.ரூ. பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். தரை நன்றாகத் தெரிந்தது.

"மாடியிலம்மா" என்றாள் குழலி. "இன்னா போர்டுலயே எழுதியிருக்கு. மா.ரூ. மாமா ரூம்."

அக்கா தலையாட்டிவிட்டு, முந்தானையை அவிழ்த்து டிரங்குச் சாவியை என்னிடம் நீட்டினாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது, குழலி பின்னால் வந்தாள். பாதிப் படியில் நிறுத்தினாள்.

"ஏன் மாமா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

நான் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"அம்பாசமுத்திரத்துல ஆத்தப் பாத்த வீடு, சினேகிதர் உயிர எடுக்காருன்னு ரெண்டு வருசமாச் சொல்லிட்டிருக்கிய. நான் நெசம்னு நம்பிட்டேன். இல்லேன்னா வாத்தியாருக்கு எதுக்கு விடுதேன்?"

"சினேகிதர் நெசம்தான் தாயி."

"மஸ்கட்டுல அவங்ககிட்ட நான் சொல்லிக்கிடுதேன். வாத்தியார்ட்ட நீங்கதான் போயிச் சொல்லணும். எதையாவது கட்டிவிடுவியள்லா, இதுக்காச்சும் பயன்படட்டும்." சொல்லிவிட்டு, பெட்டியின் ஒரு கைப்பிடியை அவள் பிடித்துக்கொண்டாள்.

மே 29, வெள்ளி

காலையில் வாத்தியாரைப் போய்ப் பார்த்தேன். மாடியில் தேன்கூடு, தளத்தில் கசிவு என்று போகிற வழியிலேயே நாலைந்து காரணம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அந்த ரூமில் நான் இருக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். வேறொன்றும் சொல்ல வரவில்லை. அப்படியா, சரி என்றார். இவ்வளவு சுலபம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே ஒரு லைட்டு எரிகிறது. தலைமாட்டில் விளக்கு வர வேண்டிய இடத்தில் இரண்டு வயர் மட்டும் டேப் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கிறது. உடம்பெல்லாம் வலி. கீழே அக்கா இரண்டு தடவை சத்தம் கொடுத்தாள். இரண்டு தடவையும் இறங்கினேன். ஒன்றும் இல்லையாம், வருகிறேனா என்று பார்த்தாளாம். பதினெட்டுப் படி.

இந்த டைரியை முதலில் இருந்து படித்துப் பார்த்தேன். பெரும்பாலும் சத்தியம். ஆயிரம் பேர் என்பதைக் குறைத்துக்கொள்ளலாம். சங்கரபாண்டியன் வீட்டை நான் கொஞ்சம் பெரிதாகக் கட்டிவிட்டேன், போகட்டும். ஆனால் ஏழாம் தேதி எழுதினது நடக்கவில்லை.

அன்றைக்குக் குழலி வீட்டு வாசல் வரைக்கும் போனது உண்மை. கையில் அட்டை இருந்தது உண்மை. அவள் போனை வைக்கவில்லை. மஸ்கட்டோடு பேசிக்கொண்டே, என்ன மாமா என்று கண்ணால் கேட்டாள். ஒன்றுமில்லை தாயி, இந்தப் பக்கமாக வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். மா.ரூ. என்றால் என்ன என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் வேறு ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று இருந்தது. அதனால் வீட்டுக்கு வந்து, அவள் சொல்ல வேண்டியதை நானே எழுதிவிட்டேன். அதைத்தான் அக்காவிடமும் சொன்னேன்.

அந்தப் பக்கத்தை அடிக்கலாமா என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. சொன்னது குழலிதான், சொன்ன வார்த்தையும் அதேதான். தேதி மட்டும் இருபத்தொரு நாள் முந்திவிட்டது.